நூற்று முப்பத்தெட்டு மில்லிகிராம்

சென்னை,
12-7-1968

அன்புள்ள மதினிக்கு விசாலம் எழுதுவது. நான் சுகம். விடுதிக் குழம்பில் காரம் போதாது என்பதைத் தவிரக் குறையில்லை. உங்கள் முதுகுவலி எப்படி இருக்கிறது?

நம் பக்கத்து வீட்டு ஞானசம்பந்தம் சார் கல்லூரி வேலையாகப் போன வாரம் இங்கே வந்திருந்தார். அண்ணனின் மாவுக்கட்டை மூன்று மாதம் கழித்துப் பிரித்ததையும், முழங்காலுக்குக் கீழே எலும்பு சேராமல் அப்படியே இருந்ததையும் அவர்தான் சொன்னார். என்னால் நம்ப முடியவில்லை. அண்ணனுக்கு நாற்பத்திரண்டு வயது. புதுவயல் ரைஸ்மில் கூரையில் சட்டம் மாற்றும்போது பத்தடி உயரத்திலிருந்து விழுந்தார். ஒரே இடத்தில் சுத்தமாக முறிந்த எலும்பு. ஏன் சேரவில்லை? மதுரை டாக்டர் சொன்னதை ஒன்று விடாமல் எழுதுங்கள்.

பாட்டில் கழுவுகிறவளுக்கு இதெல்லாம் எதற்கு என்று கேட்காதீர்கள். ஆராய்ச்சிக்கூடத்தில் இப்போது வேறு வேலையும் தருகிறார்கள். தலைப்பிரட்டை தவளையாகும்போது அதன் வால் எங்கே போகிறது தெரியுமா? உதிர்வதில்லை. உடம்பே அதைக் கரைத்து எடுத்துக்கொள்கிறது. வாலைக் கட்டி வைத்திருப்பது கொலாஜன் என்ற நார். தோலிலும் எலும்பிலும் இருப்பது அதே நார்தான். லேசில் எதற்கும் அசையாத அந்த நாரை வால் சில நாளில் கரைத்துவிடுகிறது. கரைப்பது ஒரு என்சைம். ஆறு வருஷத்துக்கு முன்புதான் அமெரிக்காவில் கண்டுபிடித்தார்கள். நாங்கள் வாலை நறுக்கி, கண்ணாடித் தட்டில் உறைந்த கொலாஜன் கூழின்மேல் வைக்கிறோம். மறுநாள் துண்டைச் சுற்றி வட்டமாகக் கூழ் தெளிந்து தண்ணீராகி நிற்கிறது. முதல் தடவை அதைப் பார்த்த அன்று சாப்பிடப் போக மறந்துவிட்டேன்.

முட்டைகூட நுழையாத வீட்டுப் பெண் தவளை வால் வெட்டுகிறாள் என்று அண்ணனிடம் சொல்லிவிடாதீர்கள்.

இப்படிக்கு,
விசாலம்

காரைக்குடி,
26-7-1968

விசாலத்துக்கு மதினி நாகவல்லி எழுதுவது. உன் கடிதம் வந்தது. என் முதுகு அதே முதுகுதான். விடுதிக்குப் பருப்புப்பொடி அனுப்பியிருக்கிறேன். தவளையைத் தொட்ட கையை நன்றாகக் கழுவிவிட்டுச் சாப்பிடு.

டாக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். முறிந்த இடம் மட்டுமல்ல, எலும்பு முழுவதுமே மங்கலாக இருக்கிறதாம். கழுத்தில் நெல்மணி அளவுக்கு நாலு சுரப்பி உண்டாம். அதில் ஒன்று பெருத்துவிட்டால் எலும்பைக் கரைத்துச் சுண்ணாம்பை ரத்தத்தில் கொட்டிக்கொண்டே இருக்குமாம். அப்படியென்றால் கழுத்தைத் திறந்து அதை எடுக்க வேண்டும். இல்லையென்றால் வெறுமனே படுத்துக் கிடந்ததில் மெலிந்த எலும்பு, குதிகால் வைத்த கட்டுப் போட்டுக் காலை ஊன்றி நடந்தாலே போதும். ரத்தத்தைச் சோதித்ததில் சுண்ணாம்புக் கணக்கு எல்லைக் கோட்டில் நிற்கிறது. இரண்டில் எது என்று அவரால் சொல்ல முடியவில்லை.

வீட்டுக்கு வந்ததும் உன் அண்ணன், "கால் ஒடிஞ்சவனுக்குக் கழுத்த அறுக்கிறேங்கிறாரு. தச்சு வேலையில இப்படிச் செஞ்சா ஊருக்குள்ள நிக்க விடுவாகளா?" என்றார்.

"அறுக்கணும்னு சொல்லலியே. பாப்போம்னுதான சொன்னாரு. கொஞ்சம் ஊனித்தான் பாருங்களேன்."

"உள்ளுக்குள்ள கரையுற எலும்பு மேல ஏறி நிக்கச் சொல்றியா? நீ வந்து நில்லு."

பெருவிரலைக்கூடத் தரையில் வைக்க மறுக்கிறார். அவர் சித்தப்பா ஒருவர் கழுத்துக் கட்டிக்கு ஆபரேஷன் செய்யப் போய் வீடு திரும்பவில்லை என்பது உனக்கும் தெரியும். எனக்கு அந்தக் கத்தி வேண்டாம் விசாலம். அதற்கு வழி இருந்தால் சொல்.

ஒன்று கேட்கிறேன், சிரிக்காதே. எலும்பைத் தின்பதற்கு உடம்புக்குள் பல் ஏது?

உன் மதினி,
நாகவல்லி

சென்னை,
5-8-1968

அன்புள்ள மதினிக்கு விசாலம் வணக்கம். பருப்புப்பொடி வந்த அன்றே பாதி தீர்ந்தது. என்னோடு வேலை பார்க்கும் மீனாள் டப்பாவைத் திருப்பித் தரவில்லை.

உங்கள் கேள்விக்குச் சிரிக்கவில்லை. எங்கள் புரபசரிடம் சொன்னேன், நல்ல கேள்வி என்றார். எலும்பு என்பது நார்க் கயிறுகளுக்கு நடுவே சுண்ணாம்பு இறுகியது. கம்பி கட்டிச் சிமென்ட் போட்ட மாதிரி. அதைத் தின்னும் அணுக்கள் எலும்பின்மேல் ஒட்டிக்கொண்டு முதலில் அமிலம் சுரக்கின்றன. சுண்ணாம்பு உருகி நார் வெளியே தெரிகிறது. பிறகு என்சைம் வருகிறது. கொலாஜன், மூன்று இழை முறுக்கிய கயிறு. என்சைம் கண்ட இடத்தில் கடிக்காது. நீளத்தில் முக்கால் பங்கு தள்ளி ஒரே இடத்தில் மூன்று இழையையும் நறுக்கும். வெட்டுப்பட்ட கயிறு முறுக்கு அவிழும். அதற்கப்புறம் மற்ற என்சைம்கள் துண்டு துண்டாக்கிவிடும்.

இது நோயில்லை, மதினி. இந்தக் கடிதத்தைப் படிக்கிற நேரத்தில் உங்கள் எலும்பிலும் நடக்கிறது. ஒரு பக்கம் கரையும், பின்னாலேயே புதிதாகக் கட்டும். கரைப்பது கட்டுவதை முந்தினால்தான் வம்பு.

முந்துகிறதா என்று கண்டுபிடிக்க வழி இருக்கிறது. கொலாஜன் உடையும்போது ஒரு துணுக்கு வெளியே வரும். அதன் பெயர் நீளம், உங்களுக்கு வேண்டாம். உடம்பு அதைத் திரும்பப் பயன்படுத்துவதில்லை, சிறுநீரில் அனுப்பிவிடுகிறது. ஒரு நாள் முழுதும் சேர்த்த சிறுநீரில் அது எவ்வளவு என்று அளந்தால் உள்ளே எவ்வளவு கரைகிறது என்று தெரியும். டாக்டருக்கு எழுதிக் கேட்டேன். எண் நூற்றுக்கு மேல் போனால் கழுத்தைத் திறப்பது, இல்லாவிட்டால் நடக்க விடுவது என்று ஒப்புக்கொண்டார்.

கோடு போட்ட பெரிய பாட்டிலை ஞானசம்பந்தம் சாரிடம் கொடுத்திருக்கிறேன். அடியில் அமிலம் இருக்கிறது, கையில் படக்கூடாது. எங்களிடம் அச்சிட்ட தாளில் ஏழு விதிகள் உண்டு. நமக்கு வேண்டிய ஆறை மட்டும் தமிழில் எழுதி வைத்திருக்கிறேன். அதன்படி செய்யுங்கள். அன்று அண்ணன் சாப்பிட்டதையும் எழுதி அனுப்புங்கள்.

விசாலம்

காரைக்குடி,
21-8-1968

விசாலத்துக்கு நாகவல்லி. உடம்பைப் பார்த்துக்கொள். இங்கே மழை இல்லை, கிணற்றில் தண்ணீர் இறங்கிவிட்டது.

பாட்டில் நாளைய ரயிலில் ஞானசம்பந்தம் சாரோடு வருகிறது. அதற்குள் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். உன் அண்ணன் பாட்டிலைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"இத மெட்ராசுக்கு அனுப்பப் போறியா?"

"ஆமா."

"டிக்கெட்டு எடுத்தாச்சா? ஜன்னலோரமாப் பாத்து எடு. நான்தான் போனதில்ல, இதாவது ஊரப் பாத்துட்டு வரட்டும்."

ஞானசம்பந்தம் சார் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். ரயிலில் யாராவது கேட்டால் கஷாயம் என்று சொல்லிக்கொள்கிறாராம்.

அன்று சாப்பிட்டது: காலையில் இட்லி நாலு, தேங்காய்ச் சட்னி. பதினோரு மணிக்குக் கொல்லிமலைக் கிழங்கு சூப் ஒரு டம்ளர், எலும்புக்கு நல்லது என்று தினமும் கொடுக்கிறேன். மத்தியானம் சோறு, கத்தரிக்காய்ப் புளிக்குழம்பு, மோர். ராத்திரி இடியாப்பம். வேறொன்றும் இல்லை.

எண் வந்ததும் தாமதிக்காமல் எழுது.

நாகவல்லி

சென்னை,
3-9-1968

அன்புள்ள மதினிக்கு,

நலம் கேட்டு எழுத வேண்டியதுதான், ஆனால் நீங்கள் எண்ணைத்தான் தேடுவீர்கள். சாதாரண ஆளுக்கு ஒரு நாளைக்கு இருபதிலிருந்து நாற்பத்தைந்து மில்லிகிராம். எலும்பு முறிந்து படுத்திருப்பவருக்கு அறுபது வரை போகலாம். அண்ணனுக்கு நூற்று முப்பத்தெட்டு.

மூன்று தடவை செய்து பார்த்துவிட்டேன். மதுரைக்கும் எழுதியாகிவிட்டது.

ஆனாலும் ஒன்று உறுத்துகிறது. எலும்பு இந்த வேகத்தில் கரைந்தால் ரத்தத்தில் இன்னொரு கணக்கும் கொஞ்சமாவது ஏறியிருக்க வேண்டும். மதுரையில் எடுத்த சோதனையில் அது ஏறவே இல்லை. ஒரு சாட்சி ஆம் என்கிறது, இன்னொன்று இல்லை என்கிறது. அதனால் கேட்கிறேன். பாட்டில் பட்டறைப் பக்கம் போனதா? அண்ணன் மரம் ஒட்டக் காய்ச்சும் வச்சிரம் இருக்கிறதே, அது மாட்டுத் தோலிலிருந்து எடுத்த கொலாஜன்தான். கொஞ்சம் விழுந்திருந்தாலும் கணக்கு எகிறிவிடும். புனல் எதையாவது அங்கிருந்து எடுத்தீர்களா? யோசித்து எழுதுங்கள்.

விசாலம்

காரைக்குடி,
14-9-1968

விசாலத்துக்கு மதினி எழுதுவது.

பாட்டில் பட்டறைக்குப் போகவில்லை. புனல் புதிது. அவர் விழுந்த நாளிலிருந்து வச்சிரம் காய்ச்சவே இல்லை.

டாக்டர் அக்டோபர் இருபத்தொன்றாம் தேதி குறித்துவிட்டார். உன் அண்ணன் நேற்று தன் உளி, இழைப்புளி எல்லாவற்றையும் கொண்டுவரச் சொல்லி எண்ணெய் போட்டுத் துணியில் சுற்றி வைத்தார். எதுக்கு இப்ப என்று கேட்டேன். "துரு ஏறாம இருக்கட்டும். யாருக்காச்சும் ஆகும்" என்றார்.

சாப்பாட்டால் அந்த எண் மாறுமா? கிழங்கால் மாறுமா? சும்மா கேட்கிறேன்.

நாகவல்லி

சென்னை,
25-9-1968

அன்புள்ள மதினிக்கு விசாலம். நான் சுகம்.

கிழங்கால் மாறுமா என்று கேட்டீர்கள். எனக்கும் தெரியவில்லை, அதனால் செய்து பார்த்தேன். விடுதியில் சேலத்துப் பெண் ஒருத்தி இருக்கிறாள். அவள் ஊருக்குப் போனபோது அந்தக் கிழங்கை வாங்கிவரச் சொன்னேன். சூப் வைத்து, ஒரு பங்கை நாங்கள் குடித்தோம், ஒரு பங்கைச் சோதித்தோம். ருசி ஆட்டுக்கால் சூப் மாதிரியே இருக்கிறது என்று மீனாள் சொன்னாள். நம் துணுக்கு அதில் இல்லை என்றே சொல்லலாம்.

மீனாளுக்கு அத்தோடு விட மனமில்லை. நிஜ ஆட்டுக்கால் என்ன செய்யும் பார்ப்போம் என்று, தன்னையே ஆளாக வைத்துக்கொண்டாள். இரண்டு நாள் வெறும் சைவச் சாப்பாடு. எண் முப்பத்தொன்று. மூன்றாம் நாள் மிலிட்டரி ஓட்டலில் ஒரு கிண்ணம் ஆட்டுக்கால் சூப். எண் நூற்றுப் பத்தொன்பது. அவள் எலும்பு கரையவில்லை. ஆட்டின் எலும்பிலும் தோலிலும் இருந்த கொலாஜன் கொதித்துச் சூப்பில் இறங்கி, அவள் வயிற்றில் உடைந்து, வெளியே வந்துவிட்டது. எங்கள் சோதனைக்கு ஆட்டின் கொலாஜனும் ஆளின் கொலாஜனும் ஒன்றுதான். நாலைந்து நாள் நிறுத்தினால் மறுபடி பழைய எண்ணுக்கே வந்துவிடும்.

விசித்திரமாக இருந்தது, எழுதினேன். வேறொன்றும் இல்லை.

ஆபரேஷனுக்கு முன்னால் இன்னொரு தடவை பார்த்துவிடுவது நல்லது. புதிய பாட்டிலை ஞானசம்பந்தம் சாரிடம் கொடுத்தனுப்பியிருக்கிறேன். எந்த நாளில் எடுப்பது என்பதை நீங்களே முடிவு செய்யுங்கள்.

விசாலம்

சென்னை,
7-10-1968
(கார்டு)

மதினிக்கு, பதில் இல்லை. உடம்பு சுகம்தானே? இன்னும் பதினாலு நாள்தான் இருக்கிறது. ஒரு வரி போடுங்கள். விசாலம்.

காரைக்குடி,
9-10-1968

விசாலத்துக்கு மதினி எழுதுவது. எனக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லை. உன் கார்டு இன்று வந்தது. இதோடு பாட்டிலும் வருகிறது.

கிழங்கு இல்லை விசாலம். ஆட்டுக்கால்தான்.

நம் பின்தெரு நாச்சியாரை உனக்குத் தெரியும், ஒக்கூர்க்காரி. ஜூன் மாதம் ஒருநாள் வாசலில் நின்று, "ரெண்டு மாசம் ஆட்டுக்கால் சூப்புக் குடுங்கக்கா. எந்திரிச்சு நடக்கலேன்னா என்னைய ஏன்னு கேளுங்க" என்றாள்.

"எங்க வீட்டுல முட்டைகூடக் கிடையாதே நாச்சியா."

"கொல்லிமலைக் கெழங்குன்னு சொல்லுங்க. அதுவும் இதே ருசிதான். சாமிகிட்ட நான் பேசிக்கிறேன், அண்ணங்கிட்ட நீங்க பேசிக்கங்க."

அவள் வீட்டிலேயே காய்ச்சித் தூக்குச்சட்டியில் தருவாள். நான் கொல்லை வழியாக வாங்கி வருவேன். டம்ளரைப் புளி போட்டு மூன்று தடவை தேய்ப்பேன். ஒரு சொட்டு நான் ருசி பார்த்ததில்லை. உன் அண்ணன் குடித்துவிட்டுக் கிழங்கைப் புகழ்வார், நான் அடுப்பைப் பார்த்துக்கொண்டு நிற்பேன்.

அது எண்ணை மாற்றும் என்று சத்தியமாக எனக்குத் தெரியாது. நீ எழுதிய ஆறு விதியில் அது இல்லை. எண் வந்தபோதுகூட, இவ்வளவு கரைகிறதே, நல்லவேளை சூப் கொடுத்தோம் என்றுதான் நினைத்தேன். மீனாளைப் பற்றி நீ எழுதியது இருபத்தெட்டாம் தேதி வந்தது. அன்றைக்கே நிறுத்தினேன். உடனே உனக்கு எழுதியிருக்கலாம். எழுதினால் வெறும் வார்த்தைதானே, கையில் பாட்டிலோடு எழுதுவோம் என்று பத்து நாள் பொறுத்து நேற்றுக் காலையிலிருந்து இன்று காலைவரை எடுத்தேன். அதுதான் நான் எழுதாததற்குக் காரணம்.

இரண்டாம் நாளே, "கெழங்கு தீந்துபோச்சா?" என்று கேட்டார்.

"தீந்துபோச்சு."

"நல்லாத்தான இருந்துச்சு."

கொடுத்தது தப்பா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. சொல்லாமல் கொடுத்தது தப்பு. அவரிடம் சொல்லும் தைரியம் இல்லை. கழுத்துக்குக் கத்தி வராமல் இருந்தால் போதும்.

நாகவல்லி

சென்னை,
15-10-1968

அன்புள்ள மதினிக்கு,

நாற்பத்தேழு.

புரபசர் மதுரைக்கு டிரங்க் கால் போட்டுப் பேசினார். இருபத்தொன்றாம் தேதி கத்தி இல்லை. அன்றைக்கு ரத்தத்தை மட்டும் மறுபடி பார்ப்பார்கள். அதுவும் சரியாக இருந்தால் குதிகால் வைத்த கட்டுப் போட்டு நடக்க விடுவார்கள். அண்ணன் ஊன்றியே ஆக வேண்டும். பாரம் தாங்காத எலும்பை உடம்பு வேண்டாத பொருளாக நினைத்துக் கரைக்க ஆரம்பித்துவிடும். பாரம் விழுந்தால்தான் கட்டும் அணுக்கள் வேலைக்கு வரும்.

தப்பு உங்களுடையது அல்ல. ஏழாவது விதி என்ன தெரியுமா? சோதனைக்கு மூன்று நாள் முன்பிருந்து மாமிசம், மீன், எலும்பு சூப் கூடாது. நம் வீட்டுக்கு இது எதற்கு என்று நான்தான் அதை விட்டுவிட்டேன். அதனால் கத்தி அண்ணன் கழுத்து வரை போய்விட்டது.

டாக்டருக்கு எழுதும்போது காரணத்தை மறைக்க முடியவில்லை. இரண்டு எண்ணில் எதை நம்புவது என்று அவருக்குத் தெரிய வேண்டும். 'உணவில் ஆட்டுக்கால் சூப் இருந்தது' என்று எழுதிவிட்டேன். அண்ணன் முன்னாலேயே அவர் அதைக் கேட்கக்கூடும். அதற்குள் உங்கள் வாயால் அவருக்குத் தெரிந்துவிடட்டும். கூடவே என் தவளையையும் சொல்லிவிடுங்கள். திட்டு இரண்டு பேருக்குமாகப் பிரியும்.

விசாலம்

காரைக்குடி,
12-11-1968

விசாலத்துக்கு மதினி நாகவல்லி எழுதுவது. மழை பிடித்துக்கொண்டது, கிணறு நிறைந்திருக்கிறது. உனக்கு இருமல் என்று ஞானசம்பந்தம் சார் சொன்னார். மிளகு ரசம் வைத்துக் குடி.

மதுரைக்குப் போவதற்கு மூன்று நாள் முன்னால் சொன்னேன். உன் அண்ணன் சாப்பிட்டு முடித்துக் கை கழுவும் வரை காத்திருந்து சொன்னேன். முழுவதும் கேட்டார்.

"எத்தன நாளு?"

"நூத்திப் பதினஞ்சு."

"எண்ணி வச்சிருக்கியா?"

"எண்ணாம எப்படி இருப்பேன்?"

தவளையையும் சொன்னேன். அது காதில் விழுந்ததாகவே தெரியவில்லை. திட்டு பிரியவில்லை விசாலம், முழுவதும் எனக்குத்தான். ஆனால் அது திட்டாகவும் வரவில்லை. அதோடு பேச்சை நிறுத்திவிட்டார்.

மதுரையில் ரத்தக் கணக்கு எல்லைக்குள் வந்துவிட்டது. கட்டுப் போட்டு, தினமும் ஊன்றி நடக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னார். இவர் தலையை ஆட்டினார். வீட்டுக்கு வந்து பழையபடி படுத்துக்கொள்வார் என்றுதான் நினைத்தேன். மறுநாள் காலையில் தண்ணீர் கொண்டுபோய் நீட்டினேன். வாங்கவில்லை. கட்டையை அக்குளில் வைத்துக்கொண்டு எழுந்தார். காலைத் தரையில் வைத்தார், பல்லைக் கடித்தார், அடுத்த அடி வைத்தார். கிணற்றடிக்கு இருபத்தாறு அடி. போய், தானே இறைத்துக் குடித்தார்.

அன்றிலிருந்து என் கையால் எதுவும் வாங்குவதில்லை. பட்டறையில் தனி அடுப்பு. கஞ்சி அவரே வைக்கிறார். கிணற்றுக்கும் பட்டறைக்கும் நாளைக்கு எட்டு நடை, பத்து நடை. முதல் வாரம் கட்டை இரண்டு, அப்புறம் ஒன்று. நாச்சியார் வந்து தூரத்தில் நின்று, "தப்பா நெனச்சுக்கிராதீக அண்ணே" என்றாள்.

"ஒன்னைய நான் ஒண்ணும் சொல்லல தாயி. அந்தா நிக்கிற அம்மாட்ட மட்டும் சொல்லிரு, என் வேட்டிய நானே தொவச்சுக்கிறேன்னு."

அந்த அம்மா நான்தான். மூன்றடி தள்ளி நின்றுகொண்டிருந்தேன்.

நேற்று முன்தினம் மறுபடி எக்ஸ்ரே எடுத்தார்கள். முறிந்த இடத்தைச் சுற்றி வெள்ளைப் புகை மாதிரி ஒன்று படர்ந்திருக்கிறது. அதுதான் புது எலும்பாம். டாக்டர் எனக்கும் காட்டினார், நான் ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டே இருந்தேன். நீ கூழைப் பார்த்துச் சாப்பிட மறந்தாயே, அப்போதுதான் அது எனக்குப் புரிந்தது. டாக்டருக்கு ஆச்சரியம்.

"இந்த வலியோட எல்லாரும் படுத்துத்தான் கிடப்பாங்க. நீங்க எப்படி இவ்வளவு நடந்தீங்க?"

இவர் என் பக்கம் திரும்பாமலே, "செஞ்சு குடுக்க வீட்டுல ஆள் இல்ல டாக்டர்" என்றார்.

முழுக்க இறுகுவதற்கு இன்னும் ஆறு வாரமாவது ஆகுமாம், நடையைக் குறைக்கக் கூடாதாம்.

இன்று காலையில் அடுப்படி வாசலில் வந்து நின்று, நேராக என்னிடமே, "உப்பு எங்க இருக்கு?" என்று கேட்டார். இருபத்தைந்து நாளைக்கு அப்புறம் முதல் பேச்சு. உப்புச் சாடி என் கைக்கு எட்டும் இடத்தில்தான் இருந்தது.

எனக்குத் தெரியாது என்று சொல்லிவிட்டேன். உள்ளே வந்து, அலமாரி அலமாரியாக நடந்து தேடினார்.

உன் மதினி,
நாகவல்லி